டேனியல்களின் செப்புத்தகடுகள்

தஞ்சைப் பெரிய கோயிலின் பழந்தோற்றத்தை ஆராய்வோர் தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் இருவரின் அக்வாடின்ட் படத்தைச் சான்றாகக் காட்டுவது வழக்கம். அப்படம் உருவான முறையை நோக்குவோர் குறைவு.

1786இல் கல்கத்தா வந்த தாமஸுக்கு இந்த அச்சுமுறையில் கைப்பழக்கம் இல்லை. 1769இல் பிறந்த அவருடைய உடன்பிறந்தார் மகன் வில்லியமோ பயிற்சி மாணவரே. செப்புத்தகட்டின்மீது பிசின் துகள்களைப் படியச் செய்தால், துகள்களின் இடைவெளிகளை மட்டும் அமிலம் அரிக்கும். வெளிறி நிற்கவேண்டிய பகுதிகளை வார்னிஷ் பூசி மறைத்து, தகட்டை மீண்டும் மீண்டும் அமிலத்தில் இடவேண்டும். அதிக நேரம் அரிபட்ட பகுதியே நிழலாகக் கறுக்கும். கணக்குத் தவறினால் தகடு பாழ். இவ்வாறு முட்டிமோதிக் கற்றே 1788க்குள் பன்னிரண்டு கல்கத்தாக் காட்சிகளை முடித்தனர். ஓவியன் முதல் செம்புக்கொல்லன், அச்சக எடுபிடி வரை எல்லாமாகத் தாமே நின்றதாகத் தாமஸ் அவ்வாண்டுக் கடிதமொன்றில் அலுத்துக்கொண்டார். உதவிய உள்ளூர்க் கைவினைஞரின் பெயர்களோ படங்களில் இல்லை.

தமிழகத்தை அவர்கள் வரைந்தது 1792-93ஆம் ஆண்டுப் பயணத்தில். தகடுகள் அரிக்கப்பட்டது இலண்டனில், பெரும்பாலும் வில்லியத்தின் கையால். 1795 முதல் 1808 வரை 144 படங்கள் வெளிவந்தன. தஞ்சைப் படத்திலுள்ள 1798 என்பது வெளியீட்டு ஆண்டே. கோயிலைக் கண்ட ஆண்டன்று. வண்ணமும் அச்சிட்டபின் கையால் தீட்டப்பட்டது. ஆதலின் விமானத்தின் அன்றைய நிறத்தை அப்படத்திலிருந்து வருவிப்பது பிழையாகும். கட்டட அமைப்புக்கு மட்டும், அதுவும் பிற சான்றுகளோடு ஒப்பிட்டே, அதனைக் கொள்ளலாம்.