கடைசி காய் நகர்த்தலா, கடிகாரமா?

2024 டிசம்பர் 12, வியாழக்கிழமை சாயங்காலம். ஆபீஸில் ஆணி பிடுங்குவதாக பாவ்லா காட்டிக்கொண்டு நாலு பேர் ஒரே மானிட்டரை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். திரையின் ஒரு ஓரத்தில் கோட், மிச்ச இடமெல்லாம் சிங்கப்பூர். குகேஷுக்கும் டிங் லிரெனுக்கும் உலக சாம்பியன் பட்டத்துக்கான 14-வது ஆட்டம். அதற்கு முன் ஆளுக்கு ஆறரைப் புள்ளி. இது டிரா ஆனால் மறுநாள் டை-பிரேக்கர்.

எனக்கு செஸ் தெரியும் என்றால், யானை நேராகப் போகும், மந்திரி குறுக்கே போகும் என்பதை விடக் கொஞ்சம் மேலே. எங்கள் டீம் சீனியர் அண்ணன் காலேஜ் டீமுக்கு ஆடியவர். மற்ற இரண்டு பேருக்கும் குகேஷ் நம்ம சென்னைப் பையன் என்பது மட்டும் போதும். ஆனால் அன்றைக்கு நாங்கள் நாலு பேருமே கிராண்ட்மாஸ்டர்கள். காரணம், பலகைக்குப் பக்கத்தில் நிற்கும் அந்தப் பட்டை. எஞ்சின் கணக்குப் போட்டு, வெள்ளை எவ்வளவு மேலே, கறுப்பு எவ்வளவு மேலே என்று தெர்மாமீட்டர் மாதிரி காட்டிக்கொண்டே இருக்கும். அன்று அது அசையாமல் சைபரில் நின்றது.

"டிராதான்பா, வாங்க டீ குடிக்கலாம்" என்றார் அண்ணன். போனோம். திரும்பி வந்தால் பட்டை கறுப்புப் பக்கம் முழுசாகச் சாய்ந்து கிடக்கிறது. டிங் 55-வது மூவில் யானையை எஃப்2 கட்டத்தில் வைத்திருக்கிறார். குகேஷ் தண்ணீர் குடிக்கிறார், பலகையைப் பார்க்கிறார், திரும்பப் பார்க்கிறார். மூன்றே மூவ். 58-வது மூவோடு டிங் கையைக் கொடுத்துவிட்டார். 18 வயதில் உலக சாம்பியன். அதற்கு முன் 1985-ல் 22 வயதில் ஜெயித்த காஸ்பரோவ்தான் இளையவர்.

ஆபீஸே எழுந்து கை தட்டியது. அந்தச் சத்தத்தில் நான் ஒரு வார்த்தை சொன்னேன். "எங்க அபார்ட்மெண்ட் பொடியன்கூட இதை ஆட மாட்டான்டா!"

அந்த வார்த்தைக்குப் பிராயச்சித்தம்தான் இந்தப் பதிவு.

மறுநாள் கேண்டீனில் ஒரே சண்டை. "குகேஷ் ஜெயிக்கலை, டிங் தூக்கிக் கொடுத்தாரு. லக்கு" என்று ஒரு கோஷ்டி. பெரிய இடத்திலிருந்தும் இதே குரல்தான். முன்னாள் உலக சாம்பியன் கிராம்னிக், இப்படி ஒரு சிறுபிள்ளைத்தனமான ஒற்றை மூவ் தப்பில் பட்டம் முடிவானதே இல்லை என்கிற ரீதியில் எழுதினார். எனக்கு மண்டைக்குள் குடைச்சல். நம்ம பையன் ஜெயித்தது நிஜமாகவே லக்குதானா? அப்படியே பழைய ஆட்டங்களைத் தோண்ட ஆரம்பித்தேன்.

முதல் நிறுத்தம் ஹவானா, 1892. ஸ்டெய்னிட்ஸ், சிகோரின் இருவருக்கும் உலகப் பட்டப் போட்டி. முதலில் பத்து ஆட்டம் ஜெயிப்பவருக்குப் பட்டம். 22 ஆட்டம் முடிந்தபோது ஸ்டெய்னிட்ஸ் 9, சிகோரின் 8. இருபத்து மூன்றாவது ஆட்டத்தில் சிகோரின் ஒரு காய் கூடுதலாக வைத்துக்கொண்டு ஜெயிக்கிற நிலையில் இருந்தார். ஜெயித்தால் 9-9. அந்த நேரத்தில், ராஜாவுக்குப் பக்கத்துக் கட்டத்தைக் காவல் காத்துக்கொண்டிருந்த மந்திரியை நகர்த்திவிட்டார். இரண்டே மூவில் மேட். பட்டம் ஸ்டெய்னிட்ஸுக்கு. ஆக, 'நடந்ததே இல்லை' என்பது சரியில்லை.

இரண்டாவது நிறுத்தம் பான், 2006 நவம்பர். உலக சாம்பியன் ஒருவர் டீப் ஃபிரிட்ஸ் என்கிற கம்ப்யூட்டர் புரோகிராமோடு ஆடுகிறார். இரண்டாவது ஆட்டத்தில் எதிரி ஒரே மூவில் மேட் வைக்கப் போவதைக் கவனிக்காமல் ராணியை வேறு பக்கம் நகர்த்துகிறார். அடுத்த மூவ் மேட். அந்த சாம்பியன் யார் தெரியுமா? சாட்சாத் கிராம்னிக்! :-) அவரைக் கிண்டல் பண்ண இதைச் சொல்லவில்லை. கிராம்னிக் மாதிரி மலைக்கே அப்படி நடக்கும் என்றால், மனுச மூளை அப்படித்தான் என்று அர்த்தம்.

இனி கடிகாரத்துக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் செஸ்ஸுக்குக் கடிகாரமே கிடையாது. எதிராளி யோசிக்கிறேன் பேர்வழி என்று மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தாலும் ஒன்றும் கேட்க முடியாது. 1861-ல் ஆண்டர்சனும் கோலிஷும் லண்டனில் ஆடியபோது மணல்கடிகாரம் வந்தது. 1883 லண்டன் டோர்னமெண்டில் மான்செஸ்டர்காரர் தாமஸ் பிரைட் வில்சன் வடிவமைத்த கடிகாரம் வந்தது. சீசா பலகை மாதிரி ஒரு கட்டை, இரண்டு பக்கமும் ஒவ்வொரு கடிகாரம். ஒரு பக்கம் சாய்த்தால் ஒன்று நிற்கும், இன்னொன்று ஓடும். அன்றிலிருந்து செஸ்ஸில் நேரமும் ஒரு காய். பலகையில் வைக்காத காய், அவ்வளவுதான். பின்னாளில் பாபி ஃபிஷர், ஒவ்வொரு மூவுக்கும் சில வினாடி கூடுதலாகச் சேர்கிற கடிகாரத்துக்குக் காப்புரிமை வாங்கி, 1992-ல் ஸ்பாஸ்கியோடு ஆடிய போட்டியில் அதையே பயன்படுத்தினார்.

சிங்கப்பூர் விதி இதுதான். முதல் 40 மூவுக்கு ஆளுக்கு 120 நிமிடம். அதுவரை ஒரு வினாடிகூடக் கூடுதல் கிடையாது. அதற்குப் பிறகு மிச்ச ஆட்டத்துக்கு 30 நிமிடம், 41-வது மூவிலிருந்து மூவுக்கு 30 வினாடி கூடுதல். இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு குகேஷ் ஜெயித்த மூன்று ஆட்டங்களையும் திரும்பப் பார்த்தேன்.

மூன்றாவது ஆட்டம், நவம்பர் 27. டிங் மோசமான நிலையில் இருந்தபோது 40-வது மூவைத் தொடுவதற்கு முன்பே அவருடைய நேரம் தீர்ந்துவிட்டது. நேரத்திலேயே தோல்வி.

பதினொன்றாவது ஆட்டம், டிசம்பர் 8. இருவருமே ஆரம்பத்தில் ரொம்ப நேரம் யோசித்து நேரத்தைக் கரைத்துவிட்டார்கள். கடைசி நெருக்கடியில் 28-வது மூவில் டிங் ராணியைத் தப்பான இடத்தில் வைத்தார். குகேஷ் ராணியால் ஒரு காயை வெட்டினார். ஆட்டம் முடிந்தது. (மறுநாளே டிங் பன்னிரண்டாவது ஆட்டத்தில் அட்டகாசமாக ஆடிப் பதிலடி கொடுத்தார். மனுசன் லேசுப்பட்டவர் இல்லை.)

பதினாலாவது ஆட்டம். 55-வது மூவில் டிங் கையில் சுமார் பத்து நிமிடம். குகேஷ் கையில் ஒரு மணி நேரத்துக்கும் மேலே.

மூன்று வெற்றி, மூன்றிலும் டிங் கடிகாரத்தில் நெருக்கடி. இதற்குப் பெயர் லக்கா பாஸ்?

எங்கள் தொழிலில் ராத்திரி சர்வர் படுத்துவிட்டால் மறுநாள் ரூட் காஸ் அனாலிசிஸ் என்று ஒரு மீட்டிங் போடுவார்கள். கத்துக்குட்டிகள் எல்லோரும் கடைசியாக கோட் மாற்றியவனைக் கை காட்டுவார்கள். விவரம் தெரிந்தவர், "அந்த நிலைமைக்கு எப்படி வந்தோம்?" என்று கேட்பார். 55-வது மூவ் கடைசியாக கோட் மாற்றியவன் மாதிரி. காரணம் அதற்கு ரொம்ப முன்னாலேயே இருக்கிறது.

சரி, அந்த மூவில் என்னதான் தப்பு? இருவரிடமும் ஒரு யானை, ஒரு மந்திரி. டிங்குக்கு இரண்டு சிப்பாய், குகேஷுக்கு மூன்று, எல்லாம் பலகையின் ஒரே பக்கத்தில். பெரிய காய்கள் இருக்கும்வரை அந்த ஒரு சிப்பாயை வைத்து ஜெயிப்பது ரொம்பக் கஷ்டம். ஆனால் யானையும் மந்திரியும் போய் வெறும் ராஜாவும் சிப்பாயும் மிஞ்சினால் அந்த ஒற்றைச் சிப்பாய் கொன்றுவிடும். டிங் யானையை மாற்றிக்கொள்ளக் கூப்பிட்டார். அப்போது அவருடைய மந்திரி ஏ8-ல், பலகையின் மூலையில் நின்றது. யானைகள் போனதும் குகேஷ் தன் மந்திரியை டி5-ல் கொண்டுவந்து வைத்தார். மூலையில் நிற்கும் மந்திரிக்கு ஓட இடமே இல்லை, அதையும் மாற்றிக்கொண்டே ஆகவேண்டும். கதை முடிந்தது.

நாலு மணி நேரம் பின்வாங்கித் தற்காத்துக்கொண்டிருக்கிற மனுசனுக்கு என்ன தோன்றும்? காய்களை மாற்றி ஆட்டத்தைச் சீக்கிரம் முடித்தால் போதும் என்றுதானே. டிங் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. எனக்கு என்ன தோன்றும் என்பதை நானே சோதித்துப் பார்த்தேன். சனிக்கிழமை அண்ணன் வீட்டில் நிஜப் பலகையில் அதே நிலையை வைத்தோம். வெள்ளைக்குப் பத்து நிமிடம், கறுப்புக்கு ஒரு மணி நேரம். போன், பட்டை எதுவும் கிடையாது. மூன்று முறை ஆடினோம். வெள்ளைக்கு இரண்டு தோல்வி, இரண்டு முறையும் வெள்ளை நான்தான். எஃப்2 தப்பு என்று விடை தெரிந்த பிறகும் வேறு ஏதோ தப்பு செய்து தோற்றேன். எஞ்சின் கணக்கில் சைபர், என் வயிற்றுக்குள் அது சைபராக இல்லை. முள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே யோசித்தால் நல்ல மூவ்கூடச் சந்தேகமாகத் தெரிகிறது.

"பட்டை பொய் சொல்லாதுப்பா. ஆனா அது பலகையை மட்டும்தான் பார்க்குது, கடிகாரத்தைப் பார்க்குறதில்ல" என்றார் அண்ணன்.

குகேஷ் இரண்டையும் பார்த்திருக்கிறார். டிரா என்று உலகமே சொல்லும்போது, ஒரு சிப்பாய் கூடுதல், ஒரு மணி நேரம் கூடுதல், நான் ஏன் எழுந்து போகவேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறார். நாங்கள் டீ குடிக்கப் போனோம், அவர் போகவில்லை. வித்தியாசம் அதுதான்.

எல்லாம் முடிந்து, தோற்ற டிங்கே பேட்டியில், முந்தின நாள் அதிர்ஷ்டத்தால் தப்பித்ததை வைத்துப் பார்த்தால் கடைசியில் தோற்றது நியாயமான முடிவுதான், வருத்தமில்லை என்கிற மாதிரி சொன்னார். தோற்றவருக்கு இருக்கிற நிதானம் வேடிக்கை பார்த்த எனக்கு இல்லையே என்று வெட்கமாகப் போனது. டிங் சார், அபார்ட்மெண்ட் பொடியன் விஷயத்துக்கு மன்னிச்சிருங்க.

டிஸ்கி: அந்த நிலையில் வெள்ளையை வைத்து, கடிகாரம் ஓடவிட்டு, பட்டையை அணைத்துவிட்டு டிரா செய்கிறவர்கள் பின்னூட்டத்தில் சொல்லவும். அண்ணன் வீட்டில் ஃபில்டர் காபி என் செலவு. விடையைப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறவர்களுக்குக் காபி கிடையாது :-)