கண்காணிப்பு ஒளிப்பதிவும் மூலப்பிரதியும்: நாடாவிலிருந்து இறுவட்டு வரை

ஓர் ஆவணத்தின் மூலப்பிரதி எது என்னும் வினா வரலாற்று மாணவருக்குப் புதியதன்று. ஏட்டுச்சுவடியாயின் எழுத்தமைதி கொண்டும் ஓலையின் பழமை கொண்டும் ஓரளவு துணியலாம். கண்காணிப்புக் கமெராவின் பதிவு கணினிக் கோப்பாக மாறியபோது இதே வினாவை எதிர்கொண்டோர் நீதிமன்றத்தாரும் பொலிசாருமாவர். அவர்கள் கண்ட விடை, சில ஆண்டுகளுக்கேனும், ஒரு சாதாரண இறுவட்டாக அமைந்தது.

கண்காணிப்புத் தொலைக்காட்சி பார்ப்பதற்கென எழுந்ததேயன்றிச் சேமிப்பதற்கென எழுந்ததன்று. 1942இல் ஜேர்மனியின் பேனமுண்டே தளத்தில் வால்டர் புரூக் அமைத்த கருவி, ஏவுகணை எழுவதைத் தொலைவிலிருந்து நோக்க உதவியது. காட்சியைப் பதிந்துவைக்கும் வசதி அதற்கு இருக்கவில்லை. 1956இல் அம்பெக்ஸ் நிறுவனம் அறிமுகஞ் செய்த காந்த நாடாப் பதிகருவி பெருநிலையங்களுக்கே கட்டுபடியாயிற்று. 1976இல் யப்பானில் வி.எச்.எஸ். நாடா வெளிவந்த பின்னரே பதிவு கடைகளிலும் வங்கிகளிலும் பரவலாயிற்று.

மலிவோடு ஒரு குறையும் வந்தது. மூன்று மணி நேர நாடாவில் ஒரு நாள் முழுவதையும் அடக்குதற்கு விட்டுவிட்டுப் பதியும் கருவிகள் பயன்பட்டன. செக்கனுக்கு 50 விம்பங்கள் என்னும் நிலை மாறி ஆறே எஞ்சின. 16 கமெராக்கள் ஒரே நாடாவைப் பகிருமாயின் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ இரண்டரைச் செக்கனுக்கு ஒரு விம்பமே கிடைக்கும். ஒருவன் வாயிலைக் கடந்து மறைய அவ்வளவு நேரம் போதும். ஒரே நாடா மீண்டும் மீண்டும் ஓடித் தேய்ந்ததையும் இதனோடு சேர்த்தெண்ணுதல் வேண்டும். 1993 பெப்ரவரி 12இல், லிவர்பூலுக்கு அண்மையிலுள்ள பூட்டில் நகரக் கடைத்தொகுதியில், இரண்டு வயதுக் குழந்தையொன்றை இரு சிறுவர் அழைத்துச் சென்ற காட்சி பதிவாகியது. குழந்தை பின்னர் கொலையுண்டு கிடந்தது. அவ்விம்பத்தில் உருவங்கள் தெரிந்தன, முகங்கள் தெளிவாயில்லை. ஆயினும் மூலம் எது என்ற ஐயத்துக்கு இடமில்லை. நாடா கையிலிருந்தது.

1990களில் பதிவு கணினி வன்தட்டுக்கு மாறத் தொடங்கியதும் இவ்வுறுதி குலைந்தது. சுருக்கப்படாத தொலைக்காட்சி விம்பம் செக்கனுக்கு ஏறத்தாழ 20 மெகாபைட்டு இடங்கொள்ளும். 650 மெகாபைட்டு இறுவட்டில் அரை நிமிடமே அடங்கும். எனவே எம்பெக் போன்ற சுருக்கமுறைகள் இன்றியமையாதனவாயின. இவற்றில் இடையிடையே ஒரு முழு விம்பம் வைக்கப்பட, ஏனையவற்றில் மாற்றங்கள் மாத்திரமே குறிக்கப்படும். ஆதலால் தொகுப்பு மென்பொருள் விரும்பிய இடத்திற் பதிவை வெட்டிவிட இயலாது. முழு விம்பமுள்ள இடத்திலிருந்து தொடங்கல் வேண்டும். அல்லாவிடின் மீளச் சுருக்கல் வேண்டும். மீளச் சுருக்குந்தோறும் நுணுக்கங் குன்றும். அடையாளங் காண வேண்டிய முகமோ அந்நுணுக்கத்திலேயே தங்கியிருப்பது.

கோப்பைத் திருத்தினால் தழும்பு தெரியாது என்பது இதனினும் பெரிய இடர். இலங்கையில் 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் கணினிச் சான்றை நீதிமன்றம் ஏற்பதற்கு வழிசெய்திருந்தது. பிரித்தானியாவில் 1998இல் பிரபுக்கள் சபைக் குழுவொன்று இலக்கமுறை விம்பங்கள் சான்றாதல் பற்றித் தனியறிக்கை வெளியிட்டது. அந்நாட்டுப் பொலிஸ் விஞ்ஞான விருத்திப் பிரிவு 2002இல் வகுத்த நடைமுறையே செயலளவிற் பயன் மிக்கது எனலாம். அதன்படி, பதிவை இயன்றளவு விரைவில் ஒருமுறை மாத்திரம் எழுதக்கூடிய ஊடகத்தில் இட்டு, முதன்மைப் பிரதியெனக் குறித்து முத்திரையிட்டு வைப்பர். வெட்டுதல், தெளிவாக்கல், தொடர்பற்றோரின் முகத்தை மறைத்தல் யாவும் வேலைப்பிரதியிலேயே நிகழும். இறுவட்டிற் பதிதலை எரித்தல் என வழங்குவது பொருத்தமே. லேசர்க் கதிர் சாயப்படையில் ஏற்படுத்தும் மாற்றம் மீளாதது. ஆயினும் திருத்திய கோப்பைப் புதிய வட்டொன்றில் எரிப்பதைத் தடுப்பது எதுவுமில்லை. உண்மையிற் சான்றைக் காத்தவை உறையிலிட்ட கையொப்பமும், யார் யார் கைமாறியது என்ற குறிப்பேடுமேயாம். கோப்பிலிருந்து கணித்தெடுக்கப்படும் சரிபார்ப்பு எண்ணும் துணைநின்றது. எனினும் 1991இல் உருவான எம்.டி.5 முறையில் வேறுபட்ட இரு கோப்புகள் ஒரே எண்ணைத் தரக்கூடும் என்பதைச் சீன ஆய்வாளர் 2004இல் காட்டினர்.

உற்பத்தியாளர் ஒவ்வொருவரும் தத்தமக்கெனக் கோப்பு வடிவம் வகுத்தமை மற்றொரு தொல்லை. பதிவைக் காட்டும் மென்பொருளையும் அதே வட்டிற் சேர்த்துத் தரவேண்டுமெனப் பிரித்தானியப் பொலிசார் 2005இல் வேண்டினர். அம்மென்பொருள் பிற்காலக் கணினியில் இயங்காதபோது வட்டு பழுதுறாதிருந்தும் பயனில்லை. சிந்துவெளி முத்திரை போலக் கண்ணுக்குத் தெரியும், வாசிக்க வராது.

எரிக்கப்பட்டவற்றைப் பற்றியே இதுவரை கூறப்பட்டது. வன்தட்டு நிறைந்ததும் பழைய பதிவின்மேற் புதியது எழுதப்படும். 31 நாட் சேமிப்பென்பது பிரித்தானியப் பொலிசார் வேண்டிய அளவு. 2005 யூலை 7இல் இலண்டனிற் குண்டுவெடிப்புகள் நிகழ்ந்தபின், லூட்டன் புகையிரத நிலையப் பதிவுகள் திரட்டப்பட்டன. குண்டுதாரிகள் நால்வருள் மூவர் யூன் 28இல் அதே வழியாக இலண்டனுக்குச் சென்று திரும்பியமை அவற்றிலிருந்தே தெரியவந்தது. ஒன்பது நாட்களுக்கு முந்திய அப்பதிவின்மேல் அதுவரை வேறெதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை.