வடிவமைப்பு வாதம்

இயற்கையில் தென்படும் ஒழுங்கையும் உயிர்களின் உறுப்புகளில் உள்ள பொருத்தத்தையும் சான்றாக வைத்து, அறிவுள்ள ஒருவரே இவற்றைச் செய்திருக்க வேண்டும் என்று கடவுளை நிறுவ முயலும் தருக்கம் வடிவமைப்பு வாதம் எனப்படும். மறைநூலையோ அடியார் அனுபவத்தையோ துணைக்கு அழைக்காமல், கண்ணெதிரே உள்ள உலகிலிருந்தே புறப்படுவது இதன் தனித்தன்மை. 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் வகுத்த ஐந்து வழிகளில் கடைசி வழி இதுதான்: அறிவில்லாத அம்பு குறியைத் தைக்கிறதென்றால் எய்தவன் ஒருவன் இருக்கிறான். அம்பு, பானை, கடிகாரம் என்று பொருள் மாறினாலும் தருக்கத்தின் எலும்புக்கூடு மாறுவதில்லை. மனிதர் செய்த ஒன்றை எடுத்துக்காட்டாக வைத்து, மனிதர் செய்யாத ஒன்றுக்கும் செய்தவரைத் தேடுகிறது. ஆகவே அந்த எடுத்துக்காட்டு எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைப் பொறுத்தே வாதம் நிற்கும், விழும்.

கடிகாரம் வில்லியம் பேலியுடையது. 1802இல் வெளிவந்த அவருடைய ‘இயற்கை இறையியல்’ புல்வெளியில் கிடக்கும் ஒரு கடிகாரத்தோடு தொடங்குகிறது. காலில் இடறுவது கல்லாக இருந்தால், அது என்றும் அங்கேயே கிடந்தது என்று சொல்லிவிட்டு நடக்கலாம். கடிகாரத்துக்கு அந்தப் பதில் செல்லாது. பேலி அதைத் திறந்து காட்டுகிறார்: துருப்பிடிக்காதிருக்கச் சக்கரங்கள் பித்தளையில், வில்சுருள் எஃகில், திறக்காமலே மணி பார்க்க முகப்பில் கண்ணாடி. பிறகு கண்ணுக்கு வருகிறார். தொலைநோக்கியின் வில்லையைச் செய்தவர் உண்டென்றால் கண்ணின் வில்லையைச் செய்தவரும் உண்டு என்பது அவர் முடிபு.

இந்தியாவில் இதே வேலையைப் பானை செய்தது. நியாய மரபினர், குறிப்பாக ‘நியாய குசுமாஞ்சலி’ எழுதிய உதயணர், மண்ணுலகு முதலியவை காரியம்; காரியம் எல்லாவற்றுக்கும் கர்த்தா உண்டு, பானைக்குக் குயவர் போல என்று அனுமானம் அமைத்தனர். பேலிக்கு நுட்பமான பொருத்தம் வேண்டும். இவர்களுக்கு ஒன்று தோன்றியது என்பதே போதும். இந்த அனுமானத்தை 7ஆம் நூற்றாண்டிலேயே பௌத்தத் தருக்கவாதி தருமகீர்த்தி உடைத்துப் பார்த்துவிட்டார். புற்றும் மண்ணாலானதுதான், அதற்கும் ஒரு வடிவம் உண்டு. அதனால் அதைக் குயவர் வனைந்தார் என்று ஆகிவிடுமா? பானையைக் கண்டதும் குயவரை நினைப்பது, பானைகள் வனையப்படுவதை ஏற்கெனவே கண்டிருப்பதால். மலை செய்யப்படுவதை யாரும் கண்டதில்லை. யாரும் விதைக்காமலே காட்டில் முளைக்கும் புல்லையும் எதிர்ப்பாளர்கள் காட்டினர். புல்லும் விவாதத்துக்கு உட்பட்ட பொருளே, விவாதத்துக்கு உட்பட்டதை எதிர்ச்சாட்சியாக நிறுத்தக் கூடாது என்பது நியாய நூலாரின் பதில். கெட்டிக்காரத்தனமான பதில்தான். ஆனால் இப்படிச் சொன்னால் உலகில் எந்தப் பொருளும் எதிர்ச்சாட்சியாக வர முடியாது. தோற்கவே வழியில்லாத அனுமானம் எதைச் சோதித்து வென்றது என்ற கேள்வி அங்கேயே நிற்கிறது.

இந்த வாதத்தைக் கடுமையாகத் தாக்கியவர்களுள் ஒருவர் நாத்திகர் அல்லர், இராமானுசர். பிரம்ம சூத்திரத்தின் மூன்றாம் சூத்திரத்துக்கு ஸ்ரீபாஷ்யத்தில் உரை எழுதும்போது, இறைவனை அறியச் சாத்திரம் ஒன்றே வழி, அனுமானம் வழியாகாது என்று நிறுவ முற்படுகிறார். எடுத்துக்காட்டை முழுமையாக எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே அவர் கேட்பது. குயவருக்கு உடல் உண்டு, அறிவுக்கு எல்லை உண்டு, அவர் வினைக்கு உட்பட்டவர். பெரிய மாளிகை போன்றவற்றைப் பலர் கூடிக் கட்டுகிறார்கள். உலகமும் அப்படியென்றால் செய்தவர் ஒருவர்தான் என்று எப்படித் தெரியும்? ஏறக்குறைய அறுநூறு ஆண்டுகள் கழித்து, இராமானுசரைப் பற்றி அறியாமலே, டேவிட் ஹியூம் அதே இடத்தில் கைவைத்தார். அவர் இறந்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் 1779இல் வெளிவந்த ‘இயற்கைச் சமயம் பற்றிய உரையாடல்க’ளில் ஃபைலோ என்னும் பாத்திரம், கப்பலையும் வீட்டையும் பலர் சேர்ந்து கட்டுவதுபோல் உலகையும் பல தெய்வங்கள் சேர்ந்து கட்டியிருக்கலாமே என்று கேட்கிறது. இராமானுசர் பக்தியைக் காக்கக் கேட்டதும் ஹியூம் ஐயத்தை வளர்க்கக் கேட்டதும் ஒரே கேள்வி. பேலி எழுதியது இதற்கு 23 ஆண்டுகளுக்குப் பிறகு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இதற்கு நியாய மரபு தரும் பதில், கர்த்தா ஆவதற்கு உடல் தேவையில்லை; அறிவு, விருப்பம், முயற்சி மூன்றும் போதும் என்பது. உயிர் தன் உடலை அசைக்க இன்னோர் உடலைக் கைக்கொள்வதில்லையே. வலுவான பதில். ஆனாலும் குயவரிடமிருந்து உடலைக் கழித்து, எல்லையைக் கழித்து, பன்மையைக் கழித்தபின், அறிவை மட்டும் கழிக்காமல் வைத்திருப்பது எந்த நியாயத்தால் என்பதைப் பானை சொல்வதில்லை. வாதத்தைக் காப்பாற்ற எடுத்துக்காட்டைச் செதுக்குகிறோம். செதுக்கச் செதுக்க அது தரும் சான்று மெலிகிறது.

1781இல் இம்மானுவேல் காண்ட் மரியாதையோடு இன்னொரு குறை சொன்னார்: இந்த வாதம் முழுதும் வென்றாலும், கிடைத்த பொருளைக் கொண்டு கட்டும் ஒரு சிற்பியைத்தான் காட்டும், படைப்பவரை அல்ல. கிறித்தவ இறையியலுக்கு இது பேரிழப்பு. சைவ சித்தாந்தத்துக்கு இது இழப்பே இல்லை. மெய்கண்டாரின் சிவஞானபோதம் முதல் சூத்திரத்தில், தோன்றி நின்று ஒடுங்கும் உலகுக்கு அதை ஒடுக்கியவனே கர்த்தா என்று வாதிடுகிறது. மாயை மண், சத்தி திகிரியும் கோலும், சிவன் குயவன் என்று சிவஞானசித்தியார் பிரித்துக் காட்டும். மண்ணைக் குயவன் படைக்கவில்லை, மாயை அநாதி. காண்ட் குறையாகச் சொன்னதைச் சித்தாந்தம் கொள்கையாகவே வைத்திருக்கிறது. ஆனால் உயிரும் வினையும் மாயையும் அநாதி என்பது இயற்கையைப் பார்த்துப் பெற்றதன்று, உடன் கொண்டுவந்தது.

பேலியின் வடிவத்துக்கு வந்த அடி வேறு வகையானது. கேம்பிரிட்ஜில் பேலியை விரும்பிப் படித்த சார்லஸ் டார்வின், 1859இல் பொருத்தத்துக்கு வேறொரு காரணத்தை முன்வைத்தார்: சிறு வேறுபாடுகள், அவற்றில் பிழைப்புக்கு உதவுபவை தலைமுறைதோறும் சேர்தல். பாதிக் கண்ணால் என்ன பயன் என்று கேட்பவர்கள் கடற்கரைக்குப் போகலாம். பாறையில் ஒட்டியிருக்கும் கிண்ணி நத்தைக்கு ஒளியுணரும் செல்கள் படிந்த ஒரு குழி மட்டுமே கண். ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அதற்குத் தெரியும். நாட்டிலஸ் உயிருக்குக் குழியின் வாய் குறுகி ஊசித்துளையாகியிருக்கிறது. வில்லை இல்லாமலே மங்கலான உருவம் விழும். ஆக்டோபசுக்கு வில்லையும் உண்டு. இடையிலுள்ள படிகள் யாவும் இன்றும் யாருக்கோ பயன்படுகின்றன. டான் நில்சன், சூசன் பெல்கர் இருவரும் 1994இல் செய்த கணக்கில், தட்டையான ஒளியுணர் பரப்பு வில்லையுள்ள கண்ணாக மாற 4 லட்சத்துக்கும் குறைவான தலைமுறைகளே போதும். நம் விழித்திரையில் நரம்பிழைகள் ஒளியுணர் செல்களுக்கு முன்னால் ஓடி, ஒரு துளை வழியே பின்னே செல்கின்றன. அந்த இடம் குருட்டுப் புள்ளி. ஆக்டோபசின் கண்ணில் இழைகள் பின்னாலேயே செல்வதால் குருட்டுப் புள்ளி இல்லை. திட்டமிட்டவர் ஒருவரே என்றால் இந்த வேறுபாடு புதிராகும்; இரு வேறு வரலாறுகள் என்றால் எதிர்பார்க்கத்தக்கதே. மைக்கேல் பீஹி 1996இல் பாக்டீரியாவின் கசையிழையைக் காட்டி வாதத்தை மீட்க முயன்றார். உயிரியலாளர்கள் அதை ஏற்கவில்லை.

டார்வின் தொடாத இடம் இயற்பியல் விதிகள். இப்போது வாதம் அங்கேதான் குடியேறியிருக்கிறது. மூன்று ஹீலியம் அணுக்கருக்கள் இணைந்து கார்பன் உண்டாக, கார்பன் அணுக்கருவில் ஏறக்குறைய 7.65 மெகா எலெக்ட்ரான் வோல்ட் அளவில் ஓர் ஆற்றல்நிலை இருந்தாக வேண்டும் என்று 1953இல் ஃபிரெட் ஹாயில் கணித்தார், சோதித்தபோது இருந்தது. அது கணிசமாக விலகியிருந்தால் விண்மீன்களில் கார்பன் இவ்வளவு சேர்ந்திராது. ரிச்சர்ட் ஸ்வின்பர்ன் போன்றோர் இத்தகைய பொருத்தங்களுக்குக் கடவுளே எளிய விளக்கம் என்கின்றனர். நாம் இருப்பதால்தான் இதைக் காண்கிறோம், இதில் வியப்பு எதற்கு என்பது வழக்கமான மறுப்பு. ஜான் லெஸ்லி அதற்கு ஓர் உவமை சொன்னார்: துப்பாக்கி வீரர்கள் பலர் சேர்ந்து சுட்டும் பிழைத்தவன், பிழைத்ததால்தானே கேட்கிறேன் என்று காரணம் தேடாமல் இருப்பானா? உவமை அந்த மறுப்பை வீழ்த்துகிறது. தருமகீர்த்தியின் மறுப்பை அது வீழ்த்தவில்லை. துப்பாக்கிகள் எத்தனை முறை குறி தவறும் என்று நமக்குத் தெரியும். பிரபஞ்சங்கள் எத்தனை முறை எப்படி அமையும் என்று கணக்கிட, நம் கையில் இருப்பது ஒன்றே ஒன்று.