ஐந்தாம் தளத்துப் பட்டறை

நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தைப் பற்றி எழுதுவோர் அதன் உயரத்தைச் சொல்லித் தொடங்குவது வழக்கம். 1931 மே முதல் நாள் திறக்கப்பட்ட அந்த 102 மாடிக் கட்டடத்தின் வரலாற்றில் நம் கவனத்தை ஈர்ப்பதோ அதன் ஐந்தாம் தளம். 2010இல் அங்கே ஒரு சன்னல் பட்டறை இயங்கியது. கட்டடத்தின் 6,514 சன்னல்களும் கழற்றப்பட்டு அங்கே கொண்டுவரப்பட்டன. இரட்டைக் கண்ணாடிகளைப் பிரித்துக் கழுவினர். இடையே வெப்பத்தைத் தடுக்கும் மெல்லிய படலம் ஒன்றைப் பொருத்தி, வெப்பத்தை எளிதில் கடத்தாத வாயுவை நிரப்பி, மீண்டும் மாட்டினர். பழைய கண்ணாடியிலும் சட்டங்களிலும் ஏறத்தாழ 96 விழுக்காடு குப்பைக்குப் போகவில்லை.

கட்டடங்களில் ஆற்றலைச் சேமிப்பது என்றாலே பழைய இயந்திரத்தை எறிந்துவிட்டுப் புதியதை வாங்குவது என்றுதான் பலரும் பொருள் கொள்கின்றனர். 2009இல் அறிவிக்கப்பட்ட இத்திட்டம் அந்த வரிசையை மாற்றியது. முதலில் தேவையைக் குறைத்தனர். சன்னல்களோடு, சுவரோர வெப்பமூட்டிகளின் பின்னாலும் தடுப்புத் தகடுகள் வைக்கப்பட்டன. அதுவரை அவற்றின் சூட்டில் ஒரு பங்கு சுவர் வழியே வெளியேறிக்கொண்டிருந்தது. (குளிர்காலத்தில் தெருவைச் சூடாக்கக் காசு கொடுத்தனர் என்றும் சொல்லலாம்.) இவ்வாறு தேவை குறைந்தபின் கணக்கிட்டபோது, பெரிய குளிரூட்டும் இயந்திரங்களை வாங்க வேண்டியிருக்கவில்லை, இருந்தவற்றின் உட்பாகங்களைப் புதுப்பித்தாலே போதுமானதாயிற்று. அதில் மிஞ்சிய பணம் மற்ற வேலைகளுக்கு உதவியது. ஆற்றல் பயன்பாட்டை 38 விழுக்காடு குறைப்பதும் ஆண்டுக்கு 44 இலட்சம் டாலர் மிச்சப்படுத்துவதும் திட்டத்தின் இலக்குகள்.

2011இல் தன் மின்தேவை முழுமைக்கும் ஈடாகக் காற்றாலை மின்சாரத்தை வாங்க இக்கட்டடம் ஒப்பந்தம் செய்தது. செய்தித்தாள்கள் அதைப் பெரிதாகப் பேசின. ஒரு கையெழுத்தில் முடிந்த அதைவிடப் பட்டறை வேலையே மேலானது என்று கருதுகிறோம். ஒப்பந்தம் தீர்ந்தால் காற்றாலை விலகிவிடும், சன்னல் விலகாது.

ஆனால் இதனால் மட்டும் கட்டடம் கரிமச் சமநிலையை எட்டிவிடவில்லை. அதன் குளிர்காலச் சூடு, தெருவுக்கடியில் ஓடும் நகர நீராவிக் குழாய்களிலிருந்து வருகிறது. அந்நீராவி பெரும்பாலும் இயற்கை எரிவாயுவை எரித்து உண்டாக்கப்படுவது. 2019இல் நியூயார்க் நகரம் இயற்றிய 97ஆம் எண் உள்ளூர்ச் சட்டம், 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட பெரும்பாலான கட்டடங்களின் கரிம வெளியீட்டுக்கு 2024 முதல் வரம்பு விதித்தது. 2030இல் வரம்பு மேலும் இறுகும். மீறினால் டன்னுக்கு 268 டாலர் தண்டம். நகர நீராவியும் அக்கணக்கில் சேரும். சன்னலைக் கழற்றி மாட்டுவது கட்டட உரிமையாளரின் கையில் இருந்தது. தெருவுக்கடியில் ஓடும் குழாய் அவர் கையில் இல்லை.