மூன்று பியானோக்களின் கதை

பழைய பியானோ ஒன்று கிடைத்தால் என்ன செய்வீர்கள்? பழுது பார்த்து வாசிப்பீர்களா, தொடாமல் அப்படியே வைப்பீர்களா? இந்தக் கேள்விக்கு உலகின் மிகப் பழைய பியானோக்களே பதில் சொல்கின்றன.

பியானோவை உருவாக்கியவர் இத்தாலியரான பார்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரி. 1655-இல் பதுவாவில் பிறந்தவர். ஃபிளாரன்ஸில் மெடிசி இளவரசர் ஃபெர்டினாண்டோவிடம் வேலை பார்த்தார். அதற்கு முன்பிருந்த ஹார்ப்சிகார்டில் கம்பியை மீட்டித்தான் ஒலி எழும். மெல்லத் தொட்டாலும் ஓங்கி அழுத்தினாலும் சத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். கிறிஸ்டோஃபோரி, கம்பியைச் சின்னச் சுத்தியல் வந்து அடிக்கும்படி செய்தார். மெதுவாகவும் பலமாகவும் வாசிக்க வழி பிறந்தது. 1700-ஆம் ஆண்டு மெடிசி குடும்பத்தின் பொருட்பட்டியலிலேயே இக்கருவி பற்றிய குறிப்பு உண்டு.

அவர் செய்த பியானோக்களில் இன்று மிஞ்சியிருப்பவை மூன்றே மூன்று!

1722-இல் செய்தது ரோமில் இருக்கிறது. பூச்சி அரித்துவிட்டதால் வாசிக்க முடியாது. 1726-இல் செய்தது ஜெர்மனியில், லைப்சிக் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மூன்றிலும் மூத்தது 1720-இல் செய்யப்பட்டது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. இதை வாசிக்கலாம். ஆனால் 1938-இல் இதன் ஒலிப்பலகையையே மாற்றிவிட்டார்கள். வீணையில் குடத்தை மாற்றியது போலத்தான். அதில் இன்று நாம் கேட்பது கிறிஸ்டோஃபோரி கேட்ட நாதம் அல்ல. பழைய பலகை போனதோடு அந்தச் சாட்சியமும் போய்விட்டது.

வேறு ஆபத்துகளும் உண்டு. இன்றைய பியானோவில் சுமார் 230 கம்பிகள். அவற்றின் மொத்த இழுவிசை 18 முதல் 20 டன் வரை. வார்ப்பிரும்புச் சட்டம்தான் அதைத் தாங்குகிறது. ஒரே வார்ப்பிலான இரும்புச் சட்டத்துக்கு அமெரிக்கரான பாப்காக் காப்புரிமை பெற்றது 1825-இல்தான். அதற்கு முந்தைய மரச்சட்டத்தில் இன்றைய எஃகுக் கம்பியை முறுக்கி ஏற்றினால் மரம் கோணும், பிளக்கும். அதேபோல், தோல் போர்த்திய சுத்தியலுக்குப் பதில் கம்பளி போர்த்தியதை வைத்தால் நாதமே வேறாகிவிடும்.

அப்படியானால் தொடவே கூடாதா? அப்படியும் இல்லை. லண்டனின் பிராட்வுட் நிறுவனம் 1817-இல் பீத்தோவனுக்கு அனுப்பிய பியானோ, இன்று புடாபெஸ்ட்டில் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் அதைப் புதுப்பித்து, வாசித்து, ஒலிப்பதிவும் செய்தார்கள். காது கேட்காமல் போய்க்கொண்டிருந்த அந்த மேதையின் அறையில் இருந்த கருவியை நாமும் கேட்க முடிகிறது. சாதாரண லாபமா இது?

நடுவழி ஒன்றும் இருக்கிறது. பழையதை அங்குலம் அங்குலமாக அளந்து, அதே மாதிரி புதிதாக ஒன்று செய்வது. கிறிஸ்டோஃபோரி பியானோக்களுக்கும் இப்படி நகல்கள் செய்திருக்கிறார்கள். வாசிக்க நகல், ஆராய அசல்.

நகல் கெட்டால் இன்னொன்று செய்யலாம். 1720-இன் மரத்தை யார் செய்ய முடியும்?