எட்டி ராபின்சனின் 408 வெற்றிகள்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் கோச்சுகள் என்று பேச்சு வந்தால் அலபாமா பல்கலைக்கழகத்தின் 'பேர்' பிரையன்ட் பெயர்தான் முதலில் வரும். (நம்மூர் கால்பந்து இல்லைங்க, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு முட்டி மோதுவார்களே, அது.) அவர் கணக்கில் 323 வெற்றிகள். 1985 அக்டோபரில் அதைத் தாண்டியவர் எட்டி ராபின்சன். வடக்கு லூசியானாவில் கிராம்ப்ளிங் என்ற குட்டி ஊரில், கறுப்பின மாணவர்களுக்கான ஒரு கல்லூரியின் கோச். இந்த இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்தால்தான் எனக்குக் கதையே புரிந்தது.

ராபின்சன் 1941இல் வேலைக்குச் சேர்ந்தபோது வயசு 22. அதுக்கு முன்னாடி தீவன மில்லில் மணிக்கு 25 சென்ட் கூலி. கோச் வேலை என்றால் விசில் ஊதுவது மட்டும் இல்லை. மைதானத்தில் புல் வெட்டணும், கோடு போடணும், வெளியூர் மேட்சுக்குப் போகும்போது பையன்களுக்கு சாண்ட்விச் செய்து எடுத்துக்கொண்டு போகணும். ஏன்னா வழியில் உள்ள ஹோட்டல்களில் கறுப்பர்களை உட்காரவிட மாட்டார்கள். முதல் சீசனில் 3 வெற்றி, 5 தோல்வி. அடுத்த சீசனில் ஆடிய 9 மேட்சிலும் வெற்றி, எதிரணிகள் ஒரு பாயின்ட்கூட எடுக்கவில்லை!

1949இல் அவர் மாணவர் டேங்க் யங்கர் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணிக்குப் போனார். கறுப்பினக் கல்லூரியிலிருந்து என்.எஃப்.எல்.லுக்குள் நுழைந்த முதல் ஆள். பின்னாடியே 200க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். இதில் முக்கியம் குவார்ட்டர்பேக்குகள். பந்தை யாருக்கு எறிவது என்று நொடியில் முடிவு செய்து ஆட்டத்தை நடத்துகிறவர் குவார்ட்டர்பேக். அதுக்கான மூளை கறுப்பர்களுக்குக் கிடையாது என்று கூசாமல் நம்பிய காலம். ராபின்சன் பிடிவாதமாக அந்த இடத்துக்கே ஆள் தயார் செய்தார். ஜேம்ஸ் ஹாரிஸ், பிறகு டக் வில்லியம்ஸ். 1988 ஜனவரி சூப்பர் பௌலில் வில்லியம்ஸ் இரண்டாவது குவார்ட்டரில் மட்டும் நாலு டச்டவுன் பாஸ் போட்டார்.

சரி, இவ்வளவு திறமைசாலிகள் ஏன் கிராம்ப்ளிங்குக்கு வந்தார்கள்? தெற்கே வெள்ளையர் பல்கலைக்கழகங்கள் அவர்களைச் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். 1970 செப்டம்பரில் பர்மிங்ஹாமில் சதர்ன் கலிஃபோர்னியா அணி பிரையன்ட்டின் வெள்ளை அணியை 42-21 என்று தோற்கடித்தது. கறுப்பின வீரர் சாம் கன்னிங்ஹாம் மட்டும் 135 கெஜம் ஓடினார். அந்த ஒரே மேட்சில் அலபாமா மனம் மாறியது என்று பலரும் எழுதுகிறார்கள். அது அப்படியே உண்மை இல்லை. வில்பர் ஜாக்சன் என்ற கறுப்பின மாணவரை அதற்கு முன்பே அவர்கள் சேர்த்துவிட்டார்கள். எப்படியோ, கதவு திறந்தது. பெரிய ஸ்டேடியமும் டி.வி.யும் பணமும் உள்ள இடங்களுக்குப் பையன்கள் போகத் தொடங்கினார்கள். திறக்கணும் என்று ராபின்சனும் விரும்பிய கதவுதான். அது திறந்ததும் ஆள் குறைந்தது அவர் வீட்டில்.

வயசும் சேர்ந்துகொண்டது. 1996இல் 3 வெற்றி, 8 தோல்வி. அவரை அனுப்பிவிடப் பார்த்தார்கள்; எதிர்ப்பு கிளம்பியதால் இன்னொரு சீசன் கொடுத்தார்கள். 1997லும் அதே 3-8. முன்னாடியே விலகியிருந்தால் மரியாதையாக இருந்திருக்கும் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. புல் வெட்டி உண்டாக்கிய இடம் அது. யாராக இருந்தாலும் சட்டென்று எழுந்து போக மனசு வராது. மொத்தக் கணக்கு 408 வெற்றி, 165 தோல்வி, 15 டிரா.

1998இல் அந்த நாற்காலிக்கு வந்தவர் அவரிடம் படித்த டக் வில்லியம்ஸ். முதல் சீசன் 5-6. பிறகு 2000, 2001, 2002 என்று தொடர்ந்து மூன்று வருஷம் தங்கள் பிரிவில் சாம்பியன். ராபின்சன் 2007இல் இறந்தார், அதையெல்லாம் பார்த்த பிறகு.