நியூயார்க் இனிப்புப் பான அளவு வரம்பு

நியூயார்க் இனிப்புப் பான அளவு வரம்பு என்பது ஐக்கிய அமெரிக்காவின் நியூயார்க் நகரில் உடற்பருமனைக் குறைக்கும் நோக்குடன் 2012 ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, நடைமுறைக்கு வருமுன்னரே நீதிமன்றத்தால் நீக்கப்பட்ட ஒரு விதி ஆகும். இது மக்களிடையே "சோடாத் தடை" என்று அறியப்பட்டது. உடல் எடை தனிமனிதரின் பொறுப்பா, அரசின் கொள்கைக்கு உட்பட்டதா என்னும் விவாதத்தில் இவ்விதி அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது.

பின்னணி

மேயர் மைக்கேல் புளூம்பெர்க்கின் ஆட்சிக்காலத்தில், உணவகங்களில் செயற்கை மாறுபக்கக் கொழுப்பைத் தடுக்கும் விதி 2006 இல் ஏற்கப்பட்டது. பல கிளைகளைக் கொண்ட உணவகங்கள் விலைப்பட்டியலில் கலோரி அளவைக் குறிக்க வேண்டும் என்ற விதி 2008 இல் நடைமுறைக்கு வந்தது. அப்போது நகரில் வயதுவந்தோரில் பாதிக்கும் மேற்பட்டோர் மிகை எடையோ உடற்பருமனோ கொண்டிருந்தனர். 2012 மே மாதம் மேயர் அறிவித்த இவ்வரம்பை, அதே ஆண்டு செப்டம்பர் 13 அன்று நகரச் சுகாதார வாரியம் நிறைவேற்றியது.

விதியின் கூறுகள்

உணவகங்கள், திரையரங்குகள், விளையாட்டரங்குகள், தெருவோர உணவு வண்டிகள் ஆகியவற்றில் 16 அவுன்சுக்கு (ஏறத்தாழ 473 மி.லி.) மேற்பட்ட குவளைகளிலோ புட்டிகளிலோ சர்க்கரை சேர்த்த பானங்களை விற்றல் கூடாது. மீறுவோருக்கு 200 டாலர் வரை தண்டம் உண்டு. மதுபானம், தூய பழச்சாறு, பாதிக்கு மேல் பால் கலந்த பானம் ஆகியவற்றுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. மாநில அரசின் மேற்பார்வையில் இருந்த பேரங்காடிகளுக்கும் பல சிறு கடைகளுக்கும் விதி பொருந்தவில்லை. ஒருவர் இரண்டு குவளைகள் வாங்குவதற்கும் தடை இல்லை.

ஆதரவுக் கருத்துகள்

பெரிய அளவில் பரிமாறப்படும்போது மனிதர் தம்மை அறியாமலேயே கூடுதலாக உட்கொள்கின்றனர் என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. குவளையின் அளவை விற்பனையாளரே முடிவு செய்வதால், அருந்துபவரின் தெரிவு முழுமையாக அவருடையது அன்று என ஆதரவாளர்கள் வாதிட்டனர். உடற்பருமன் சார்ந்த நீரிழிவு, இதய நோய் ஆகியவற்றின் மருத்துவச் செலவைச் சமூகம் முழுவதும் சுமக்கிறது என்பதும் அவர்கள் வாதம்.

எதிர்ப்புக் கருத்துகள்

எதை, எவ்வளவு அருந்துவது என்பது தனியுரிமை என்றும், வளர்ந்தவரை அரசு குழந்தையாக நடத்தக்கூடாது என்றும் எதிர்ப்பாளர்கள் கூறினர். பான நிறுவனங்கள் மட்டுமன்றி, கறுப்பின மக்களின் உரிமைகளுக்காக இயங்கும் தேசியச் சங்கம் ஒன்றின் நியூயார்க் மாநிலக் கிளையும் விதியை எதிர்த்தது. சிறுபான்மையினர் நடத்தும் சிறு கடைகள் பாதிக்கப்படும் என்பது அக்கிளையின் வாதம்.

நீதிமன்றத் தீர்ப்புகள்

விதி 2013 மார்ச் 12 அன்று நடைமுறைக்கு வரவிருந்தது. அதற்கு முந்தைய நாள் நீதிபதி மில்டன் டிங்லிங் அதனைத் தடுத்தார். விலக்குகள் மிகுந்த அவ்விதி தன்னிச்சையானது என்பதும் அவர் கூறிய காரணங்களுள் ஒன்று. 2013 சூலையில் மேல்முறையீட்டிலும் நகர நிருவாகம் தோற்றது. மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் 2014 சூன் 26 அன்று, 4-க்கு 2 என்ற பெரும்பான்மையில் அத்தீர்ப்பை உறுதி செய்தது. நலவாழ்வு, பொருளியல், தனியுரிமை ஆகியவற்றை எடைபோட்டுக் கொள்கை வகுத்தல் தேர்ந்தெடுக்கப்பட்ட நகர மன்றத்தின் பணி என்றும், நியமிக்கப்பட்ட வாரியம் தன் அதிகாரத்தை மீறியது என்றும் அது கருதியது. இவ்வாறு, விதியை இயற்றும் அதிகாரம் யாருக்கு உண்டு என்பதே முடிவு செய்யப்பட்டது. பான அளவை அரசு வரையறுக்கலாமா என்னும் அடிப்படை வினாவிற்கு விடை அளிக்கப்படவில்லை.

பின்விளைவுகள்

உள்ளூர் அரசுகள் உணவின் அளவை வரையறுப்பதைத் தடுக்கும் சட்டத்தை மிசிசிப்பி மாநிலம் 2013 இல் இயற்றியது. மாறாக, கலிபோர்னியாவின் பெர்க்லி நகர வாக்காளர்கள் 2014 நவம்பரில் இனிப்புப் பானங்களுக்கு அவுன்சு ஒன்றுக்கு 1 சென்ட் வரி விதிக்க ஒப்புதல் அளித்தனர். பிலடெல்பியா நகர மன்றம் நிறைவேற்றிய வரி 2017 இல் நடைமுறைக்கு வந்தது. இவ்வரிகள் எந்த அளவையும் தடை செய்யவில்லை. விலையை உயர்த்தித் தெரிவை மக்களிடமே விட்டன.